கருணைத்தொகையும் பொறுப்பும்: கொடியங்குளம் முதல் கோவில்பட்டிக் கிளைச்சிறை வரை



‘பொய் வழக்கு’ என்ற சொல்லுக்கு இந்த அரங்கில் விளக்கம் தேவையில்லை. கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம் என்று இந்தக் கரிசல் பக்கத்தில் எந்தச் சேரிக்குள் போய்க் கேட்டாலும் வாய்தாவுக்கு அலைந்த ஒரு மனிதர் கிடைப்பார். நாம் குறைவாகப் பேசியது வேறொன்று. வழக்கு பொய் என்று நீதிமன்றமே சொன்ன பிறகு என்ன நடக்கிறது? விடுதலை என்று எழுதிய தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். போன ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? வழக்கை ஜோடித்தவர் பதவி உயர்வு பெற்று ஓய்வூதியமும் வாங்கிக்கொண்டிருக்கும்போது, ஜோடிக்கப்பட்டவருக்கு அரசு தர வேண்டியது ஏதாவது உண்டா? இன்றைய உரை இந்தக் கணக்கைப் பற்றியது.

வானம் பார்த்த பூமிக்காரனுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி விழும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மானாவாரி நிலத்தில் விதைப்பு என்பது மழையை ஒட்டிய சில நாட்கள். புரட்டாசி, ஐப்பசியில் அந்தச் சில நாட்கள் ஒருவன் ரிமாண்டில் கிடந்தால் அவனுக்குப் போவது பதினைந்து நாள் கூலி மட்டுமல்ல, ஒரு வருட வெள்ளாமை. ஜாமீனுக்கு ஆள் பிடிக்க வாங்கிய வட்டிக் கடனை அடைக்கப் பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டப் போவார்கள். சமூகவியல் வகுப்பில் ‘சிறைவாசத்தின் விளைவுகள்’ என்று படித்ததில் இந்த விதைப்பு நாட்கள் வரவே இல்லை. நம் ஆட்கள் எழுதினால்தான் வரும்.

அரசு தன் தவறுக்குத் தான் பணம் கொடுப்பது இருக்கட்டும். அரசு சுட்டதற்கு மக்களிடமே பணம் வசூலித்த மரபுதான் இந்த மண்ணில் பழையது. 1899 சிவகாசிக் கலவரத்துக்குப் பிறகும், வ.உ.சி. கைதானதை ஒட்டி 1908 மார்ச் 13-ஆம் தேதி நெல்லையில் வெடித்த எழுச்சிக்குப் பிறகும், வெள்ளை அரசு தண்டக் காவல்படையைக் கொண்டுவந்து நிறுத்தியது. அப்படி நிறுத்தப்படும் படைக்கான செலவை அந்த ஊர்க்காரர்கள் தலையில் வரியாகப் போடலாம் என்பதே அன்றைய சட்டம். நெல்லையில் துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். சுட்டவர்களின் சம்பளம் சுடப்பட்டவர்களின் ஊரிலிருந்து போனது. காவல்துறை செய்ததற்கு ஊர் பொறுப்பு, ஊர் முழுக்கக் குற்றவாளி என்ற இந்தப் பார்வை 1947-உடன் மறைந்துவிட்டதாக யாராவது நம்பினால், அவர்கள் கொடியங்குளத்தைப் படிக்க வேண்டும்.

அன்று அந்த வ.உ.சி. பெயரைத் தாங்கியிருந்த மாவட்டத்தில், அவர் பிறந்த ஓட்டப்பிடாரத்தின் வட்டாரத்தில் இருக்கிறது கொடியங்குளம். முழுக்கப் பள்ளர், இன்றைய அரசுப் பெயரில் தேவேந்திரகுல வேளாளர், வாழும் ஊர். 1995 ஜூலை இறுதியில் வீரசிகாமணியில் பள்ளி மாணவர்களுக்கும் பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கும் இடையே ஏற்பட்ட தகராறு தென்மாவட்டம் முழுக்கச் சாதி மோதலாகப் பரவியது. இரண்டு பக்கமும் கொலைகள் விழுந்தன. இந்தப் பின்னணியில், 1995 ஆகஸ்ட் 31 அன்று, தேடுதல் என்ற பெயரில் ஏறத்தாழ 600 காவலர்கள் கொடியங்குளத்துக்குள் இறங்கினார்கள். மாவட்ட அதிகாரிகளும் கூடவே இருந்தார்கள் என்று ஊர்மக்கள் சொன்னார்கள்.

என்ன உடைந்தது என்ற பட்டியலைப் பாருங்கள். தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறி, டேப் ரிக்கார்டர், தையல் இயந்திரம், சைக்கிள், விவசாயக் கருவிகள். கொள்ளை போன நகை, பணம். நாசமான தானியம். குடிநீர்க் கிணற்றைப் பாழாக்கியதும் உண்மையறியும் குழுக்களின் பதிவுகளில் வருகிறது. துணிமணிகளோடு சேர்த்துக் கொளுத்தப்பட்டவற்றில் இளைஞர்களின் பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழும் இருந்தன. ஆயுதம் தேடி வந்தவர்களுக்குச் சான்றிதழில் என்ன வேலை? வளைகுடா நாட்டுச் சம்பாத்தியத்தில் நிமிர்ந்த ஊர் அது. கொலைக் குற்றவாளியைப் பிடிப்பதல்ல, அந்த நிமிர்வை உடைப்பதே நோக்கம் என்று அன்று தலித் இயக்கங்கள் சொன்னதை அந்தப் பட்டியலே மெய்ப்பிக்கிறது என்பது என் எண்ணம். ஆவணி மாதத்தில் கரிசல் வீட்டில் இருக்கும் தானியம் சாப்பாட்டுக்கு மட்டுமானதும் அல்ல. அடுத்த மாதத்து விதையும் அதிலிருந்துதான் எடுபடும்.

அரசு நிவாரணம் அறிவித்தது. மக்கள் கேட்டது சிபிஐ விசாரணையும் அதிகாரிகள்மீது வழக்கும். கிடைத்தது கோமதிநாயகம் ஆணையம். 1999-இல் வெளிவந்த அதன் அறிக்கை, காவல்துறை அத்துமீறவில்லை என்றது. சம்பவம் நடந்தபோது ஆண்டது அதிமுக. அறிக்கை வெளிவந்தபோது ஆண்டது திமுக. இதை இரண்டு பக்கத் தோழர்களும் கொஞ்சம் நிதானமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2021-இல் ‘கர்ணன்’ படம் வந்தபோது, கதை நடக்கும் ஆண்டாகத் திரையில் போட்ட எழுத்து தவறு, அப்போது எங்கள் ஆட்சி என்று பிரச்சினை கிளம்பி, அந்த எழுத்து சில நாட்களில் மாற்றப்பட்டது. திரையில் ஓர் ஆண்டைத் திருத்த இருந்த அவசரம், அறிக்கையைத் திருத்த யாருக்கும் இருந்ததில்லை.

ஆணையம் என்பதன் உள்ளமைப்பை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களே இன்றும் “நீதி விசாரணை வேண்டும்” என்று கோஷம் போடுகிறார்கள். விசாரணை ஆணையச் சட்டம் 1952-இல் வந்தது. ஆணையம் நீதிமன்றம் அல்ல. யாரையும் தண்டிக்க அதற்கு அதிகாரம் இல்லை. அதன் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. அதன் 6-ஆவது பிரிவுப்படி, ஆணையத்தின் முன் ஒருவர் சொன்னதை வைத்து அவர்மீது குற்ற வழக்கு நடத்த முடியாது. அங்கே பொய் சொன்னார் என்ற வழக்கைத் தவிர. ஆணையம் கேட்டு முடித்து அறிக்கை வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். சாட்சி சாவான், தடயம் அழியும், அதிகாரி மாறுதலாகிப் போவார். நீதி விசாரணை என்று நாம் கேட்டு வாங்கிக்கொண்டதன் பெயர் பெரும்பாலும் கால அவகாசம்.

கொடியங்குளம் அறிக்கை வந்த அதே 1999-இல், ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலம் அடித்து விரட்டப்பட்டு, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அதற்கும் ஓர் ஆணையம். 2011 செப்டம்பர் 11, பரமக்குடித் துப்பாக்கிச்சூடு. அதற்கும் ஓர் ஆணையம். 2018 மே 22, தூத்துக்குடி. இங்கே நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் வேறு மாதிரி நடந்துகொண்டது என்பதை மறைக்கக் கூடாது. 2022-இல் வந்த அதன் அறிக்கை காவல்துறையினர் 17 பேரைக் குறிப்பிட்டு நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஆனால் ஆணையம் பெயரைச் சொல்வது வேறு, குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வேறு. நடுவில் இருக்கும் கதவின் சாவி அரசின் கையில் இருக்கிறது. அரசு ஊழியர்மீது கடமை சார்ந்த செயலுக்கு வழக்குத் தொடர அரசின் முன்அனுமதி வேண்டும் என்கிறது நடைமுறைச் சட்டம்.

கொடியங்குளத்தோடு ஒப்பிட வேண்டிய ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம். சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்கள் கிராமத்தைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். அதே கையோடு பெண்களும் குழந்தைகளுமாக நூறு பேருக்கு மேல் வழக்குப் போட்டுச் சேலம் சிறையில் அடைத்தார்கள். பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கிவிட்டால் அவர் புகார் ‘குற்றவாளியின் எதிர்வாதம்’ ஆகிவிடும். பொய் வழக்கின் முதல் பயன் அதுதான், தண்டனை பிறகு. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் வழக்கு நடத்தி, 1995-இல் உயர் நீதிமன்றத்தில் சிபிஐ விசாரணைக்கு உத்தரவு வாங்கினார்கள். ஆண்டைக் கவனியுங்கள். கொடியங்குளம் சூறையாடப்பட்ட அதே 1995.

2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் இழப்பீடு, அதில் பாதியைத் தண்டிக்கப்பட்டவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும், அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அதிகாரி ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. முப்பத்தொரு ஆண்டுகள். தாமதம்தான். ஆனாலும் கொடியங்குளத்துக்குக் கிடைக்காதது என்ன என்பதை வாச்சாத்தி காட்டுகிறது: காவல்துறையை விசாரிக்கக் காவல்துறைக்கு வெளியே ஓர் அமைப்பு, ஆணையத்துக்குப் பதில் குற்றவியல் நீதிமன்றம், கருவூலத்திலிருந்து மட்டுமல்லாமல் செய்தவன் பையிலிருந்தும் பணம்.

இந்தப் பணத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைக் கொஞ்சம் யோசிப்போம். நிவாரணம், கருணைத்தொகை, உதவித்தொகை, இழப்பீடு. செய்தித்தாள் இவற்றை மாற்றி மாற்றிப் போடும். சட்டத்தில் இவை ஒன்றல்ல. புயலுக்குக் கொடுப்பது நிவாரணம். புயலை யாரும் ஏவவில்லை. கருணைத்தொகை கொடுப்பவரின் பெருந்தன்மை. இழப்பீடு என்றால் கொடுப்பவர் தவறு செய்தார் என்று பொருள். 600 பேர் வண்டியேறி வந்து உடைத்ததற்கு நிவாரணம் என்று பெயர் வைத்தால், அது புயலாகிவிடுகிறது.

அரசு தவறு செய்தால் வழக்குப் போட முடியுமா என்ற கேள்விக்கு இந்தியச் சட்டத்தின் பதில், 1861-இல் கல்கத்தாவில் ஒரு குதிரை காயம்பட்டதிலிருந்து தொடங்குகிறது. அரசின் கப்பல் பட்டறை ஆட்கள் இரும்பைக் கீழே போட, ஒரு கப்பல் நிறுவனத்தின் வண்டிக் குதிரை மிரண்டு அடிபட்டது. வியாபாரம் போன்ற செயலில் தவறு நடந்தால் அரசு பொறுப்பு, இறையாண்மைச் செயலில் இல்லை என்ற பிரிவினை அந்த வழக்கில் பிறந்தது. குதிரைக்குப் பணம் கிடைத்தது. இறையாண்மைச் செயல் என்றால் முதலில் நிற்பது காவல்துறை. நகை வியாபாரி கஸ்தூரிலால் வழக்கில், போலீஸ் பறிமுதல் செய்து வைத்திருந்த தங்கத்தைத் தலைமைக் காவலரே தூக்கிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடியும், அரசு பொறுப்பல்ல என்று 1964-இல் சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இது உடைந்தது 1983-இல், பீகார் சிறையில். ருதுல் ஷா 1968-இலேயே விடுதலை செய்யப்பட்டவர். அதன்பின் 14 ஆண்டுகள் அவரை வெளியே விடவில்லை. உச்ச நீதிமன்றம் அவருக்கு மொத்தம் 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. தொகை அற்பம். ஆனால் அடிப்படை உரிமையை அரசு மீறினால் அரசே பணம் கொடுக்க வேண்டும் என்ற வாசல் திறந்தது. ஒடிசாவில் காவல் பிடியில் மகனை இழந்த நீலாபதி பெஹெரா எழுதிய ஒரு கடிதம் மனுவாகி, 1993-இல் ஒன்றரை லட்ச ரூபாயும், இத்தகைய வழக்கில் இறையாண்மை விலக்கு செல்லாது என்ற சட்ட நிலையும் கிடைத்தன. ஏழைத் தாய் ஒருத்தி கடிதம் போட்டுச் சட்டத்தை மாற்றியிருக்கிறாள்.

ஆனால் இது நீதிபதி மனம் வைத்தால் கிடைப்பது. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு சட்டம் இன்றும் இல்லை. அக்ஷர்தாம் வழக்கில் தூக்குத் தண்டனை வரை போனவர்களை 2014-இல் உச்ச நீதிமன்றம் நிரபராதிகள் என்று விடுவித்தது, விசாரணையைக் கடுமையாகச் சாடியது. இழப்பீடு கேட்டபோது 2016-இல் மறுத்தது. விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018-இல் 50 லட்சம் கிடைத்தது. அவருக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அளவுகோல் எங்கே என்பதே என் கேள்வி.

ஏனென்றால் அடுத்த ஆண்டு, 2019 மார்ச் 5 அன்று, அங்குஷ் மாருதி ஷிண்டே வழக்கு முடிந்தது. மகாராஷ்டிர மாநிலம் ஜால்னா மாவட்டத்தில் 2003-இல் நடந்த கொலை, வல்லுறவு வழக்கு. பிடிபட்ட ஆறு பேரும் நாடோடிச் சமூகத்து ஏழைத் தொழிலாளிகள். ஆறு பேருக்கும் தூக்கு என்று 2009-இல் சொன்னது உச்ச நீதிமன்றமேதான். பத்தாண்டு கழித்து அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்று, ஆறு பேரும் நிரபராதிகள் என்றது. உயிர் பிழைத்த பெண், போலீஸ் காட்டிய புகைப்படங்களில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரைப் போலீஸ் விசாரிக்கவே இல்லை. கையில் கிடைத்த நாடோடிகள் போதும் என்று இருந்துவிட்டது. 16 ஆண்டுகளுக்குத் தலா 5 லட்சம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 86 ரூபாய்கூட வரவில்லை. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 229 ரூபாய். தவறு செய்த அதிகாரிகளைக் கண்டறிந்து துறை நடவடிக்கை எடுக்கவும் நீதிமன்றம் சொன்னது. துறை நடவடிக்கை என்றால், துறையே துறையை விசாரிப்பது.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் அறுவர் என்று ஒரு வழக்கு. அவர்களும் ஆறு பேர், ஐரிஷ்காரர்கள், அடித்து வாங்கிய வாக்குமூலம், அவர்களுக்கும் 16 ஆண்டுச் சிறை. 1991-இல் விடுதலையானார்கள். தவறான தண்டனைக்கு இழப்பீடு தர அங்கே 1988-இலேயே சட்டம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் லட்சக்கணக்கான பவுண்டுகள் கிடைத்தன. இந்தியா 1979-இல் குடிமை அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் சேர்ந்தபோது, சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு கோரும் உரிமை எங்கள் சட்டமுறையில் இல்லை என்று தனியாக எழுதிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்தது. 2018 ஆகஸ்டில் சட்ட ஆணையம் தன் 277-ஆவது அறிக்கையில், தவறான வழக்குத் தொடுப்புக்குத் தனி நீதிமன்றமும் இழப்பீடும் வேண்டும் என்று மசோதாவையே எழுதிக் கொடுத்தது. குற்றவியல் சட்டங்களைப் புதுப்பித்துப் பெயரும் மாற்றி 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள், அந்த மசோதாவைத் தொடவில்லை. காரணமின்றிக் கைது செய்யவைத்தவர் அதிகபட்சம் 1,000 ரூபாய் கொடுக்கலாம் என்ற பழைய விதியை மட்டும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதுவும் கைது செய்த போலீஸ் கொடுப்பதல்ல, புகார் கொடுத்தவர் கொடுப்பது.

குண்டர் சட்டத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். 1982-ஆம் ஆண்டுச் சட்டம். விசாரணை இல்லாமல் ஓராண்டு வைக்கலாம். தென்மாவட்ட மோதல் காலத்தில் தடுப்புக்காவல் சட்டங்கள் தலித் இளைஞர்கள்மீது பாய்ந்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. அந்த ஆணைகளில் பல பிறகு உயர் நீதிமன்றத்தில் ரத்தாகும். ரத்தாவதற்குள் பல மாதம் போயிருக்கும். தீர்ப்பே இல்லாத இடத்தில் ‘தவறான தீர்ப்பு’ என்று எதைக் காட்டி இழப்பீடு கேட்பது?

நம் கையில் ஒரு சட்டம் இருக்கிறது, அதை நாம் பாதிதான் படித்திருக்கிறோம். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்றால் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது, அடிப்பது என்றே நினைக்கிறோம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மீது பொய்யான, கெடுநோக்குடைய வழக்குத் தொடுப்பதே அந்தச் சட்டத்தில் வன்கொடுமை. மரண தண்டனைக்குரிய வழக்கில் அவர்களுக்கு எதிராகப் பொய்ச் சாட்சியம் புனைந்தால் ஆயுள் தண்டனை. அதனால் நிரபராதி தூக்கிலிடப்பட்டால் புனைந்தவருக்கு மரண தண்டனை. அரசு ஊழியர் இந்தக் குற்றங்களைச் செய்தால் குறைந்தது ஓராண்டுச் சிறை. கடமையை வேண்டுமென்றே செய்யாத, பட்டியல் சமூகத்தவர் அல்லாத அரசு ஊழியருக்கு 4-ஆவது பிரிவு. உலகில் வெகு சில சட்டங்களே பொய் வழக்கைச் சாதியோடு இணைத்து இப்படிப் பெயர் சொல்லியிருக்கும். அம்பேத்கரின் அரசியலமைப்பு வழிவந்த சட்டம் என்று பெருமைப்படுவதோடு நிறுத்திவிட்டு, பொய் வழக்கிலிருந்து விடுதலையானவர் சார்பில் இந்தப் பிரிவில் புகார் கொடுக்க மறந்துவிடுகிறோம்.

இதன் விதிகள் அறிவிக்கப்பட்டது 1995 மார்ச் 31. கொடியங்குளம் அதே ஆண்டு ஆகஸ்ட் 31. சரியாக ஐந்து மாதம். வன்கொடுமை நடந்த இடத்துக்கு ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் போய், உயிர், உடைமைச் சேதத்தைக் கணக்கிட்டு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்கிறது 12-ஆவது விதி. வன்கொடுமை செய்தது காவல்துறையாகவே இருந்தால் பட்டியலை யார் எழுதுவது என்று விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

இனி கோவில்பட்டிக் கிளைச்சிறை. சாத்தான்குளம் வழக்கின் முழு வரலாறு இன்னோர் அமர்வுக்கு உரியது. எனக்கு வேண்டியது அதன் முதல் சில நாட்கள். ஜெயராஜும் பென்னிக்ஸும் தலித்துகள் அல்லர். 2020 ஜூன் 19, ஊரடங்கில் கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்ததாக வழக்கு. இரவு முழுக்க நிலையத்தில் அடி. எப்.ஐ.ஆரில், தரையில் உருண்டு புரண்டதில் காயம் என்று எழுதினார்கள். அரசு மருத்துவர் தகுதிச் சான்று கொடுத்தார். நடுவர் ரிமாண்ட் செய்தார். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளிக் கோவில்பட்டிக் கிளைச்சிறைக்குக் கொண்டுவந்தார்கள். 22-ஆம் தேதி இரவு மகன், 23-ஆம் தேதி காலை தந்தை, இருவரும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். மூச்சுத்திணறல், காய்ச்சல் என்றது முதலமைச்சரின் அறிக்கை.

காவலர், மருத்துவர், நடுவர், சிறை: நான்கு கையெழுத்து. ஒரு பொய் வழக்கு உண்மை வழக்கு ஆவதற்குத் தேவையானவை இவ்வளவுதான். அடித்தவர் ஒரு அறையில் இருந்தார். மற்றவர்கள் அடிக்கவில்லை, தாளில் எழுதினார்கள். சாவு நேர்ந்ததால் இந்தத் தாள்கள் வெளியே வந்தன. சாகாமல் இருந்திருந்தால் இருவரும் வாய்தாவுக்கு அலைந்துகொண்டிருப்பார்கள், அபராதம் கட்டி முடித்துக்கொள்ளுங்கள் என்று யாராவது அறிவுரை சொல்லியிருப்பார்கள்.

அங்கே சங்கிலி அறுந்ததற்குக் காரணமும் சில மனிதர்கள்தான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் நிலையத்துக்கே போய், அவமதிப்பைத் தாங்கிக்கொண்டு விசாரித்தார். தலைமைக் காவலர் ரேவதி பார்த்ததைச் சொன்னார். நிலையம் வருவாய்த்துறைக் கட்டுப்பாட்டுக்குப் போனது, வழக்கு சிபிஐக்குப் போனது. எல்லாம் சில வாரங்களில். 1995-இல் கொடியங்குளத்தில் 600 பேர் போனார்கள். அவர்களில் ஒரு ரேவதியும் வெளியே வரவில்லை.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் ஊரில் விடுதலையானவர்கள், குண்டர் சட்டம் ரத்தானவர்கள் வீட்டில் அந்தத் தாள்கள் இன்னும் இருக்கும், எப்.ஐ.ஆர், ரிமாண்ட் ஆணை, மருத்துவச் சான்று, விடுதலைத் தீர்ப்பு. அட்டைப்பெட்டியிலோ தகரப் பெட்டியிலோ கரையான் அரித்துக்கொண்டிருக்கும். நகல் எடுங்கள். ஒவ்வொரு தாளிலும் யார் கையெழுத்துப் போட்டார், எந்தத் தேதியில் போட்டார், அந்த வருடம் அந்த வீட்டில் விதைப்பு நடந்ததா என்று மூன்று பத்தியாக எழுதி வையுங்கள். தேர்வுக்கான ஆய்வேடாகவும் அது இருக்கலாம், 4-ஆவது பிரிவில் கொடுக்கும் புகாருக்கு இணைப்பாகவும் இருக்கலாம். கொடியங்குளத்திலிருந்தே தொடங்கலாம், அங்கே எரிந்துபோன சான்றிதழ்களுக்கு மறுபிரதி வாங்க யார் யார் எத்தனை அலுவலகம் ஏறினார்கள் என்பதை இதுவரை யாரும் முழுதாகக் கேட்டு எழுதவில்லை.